செண்பகவல்லி மடித்த பெட்டி

செண்பகவல்லிக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் அதிசயத்தைப் பேசினார்களே தவிர அநியாயத்தை ஒருத்தரும் பேசவில்லை. இருபது கேஜ் தகட்டை அளந்து, வெட்டி, மடித்து, பற்றவைத்து, ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு காற்றுத் துளைகளைத் தன் கையால் போட்டு, முப்பத்தெட்டு நாளில் அவள் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் செய்தாள். கையால் செய்த கேபினெட்டுகளுக்கென்றே நடந்த போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது. வாங்கிய மறுநாள் கல்லூரி வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் நான்கு பையன்களின் படமும், அவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் கோமதிநாயகத்தின் படமும், எல்லோரையும் மேலேயிருந்து வாழ்த்துகிற தாளாளரின் படமும் இருந்தன. அடியில், அச்சடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி: அலங்கார உதவி, செண்பகவல்லி, மூன்றாம் ஆண்டு.

அலங்கார உதவி. வெல்டிங் பொறி தெறித்து இடது மணிக்கட்டில் மூன்று தழும்பு வாங்கியவளுக்கு, ஏழு ட்ரில் முனைகளை உடைத்து எட்டாவதில் வேலையை முடித்தவளுக்கு, ஊர் கொடுத்த பெயர் அது.

பூலாங்கரிசலில் பீரோக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குச் சீர்வரிசை போனாலும் அதில் நிற்கிற பீரோ அந்தத் தெருவில் மடித்ததாகத்தான் இருக்கும். அங்கே பதினோராவது பட்டறைக்கு 'சங்கரபாண்டி ஸ்டீல் ஒர்க்ஸ்' என்று பெயர். சங்கரபாண்டி ஆர்டர் பிடிப்பார், டீ குடிப்பார், வண்டி பேசுவார். தகட்டை வெட்டுவதும் மடிப்பதும் பெயிண்டுக்கு முன்னால் பட்டி பார்ப்பதும் அவர் மனைவி பேச்சியம்மாள். இதை அந்தத் தெருவில் யாரும் ரகசியமாக வைத்ததில்லை, யாரும் பெரிதாகச் சொன்னதுமில்லை. போர்டில் எழுதுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் மகள் செண்பகவல்லி அந்தத் தகட்டுச் சத்தத்தில் தூங்கி, அந்தத் தகட்டுச் சத்தத்தில் பாடம் படித்து, பத்தாம் வகுப்பு விடுமுறையில் முழு பீரோ ஒன்றைத் தனியாக மடித்தவள். தகடு மடிகிற இடத்தில் தன் நீளத்தில் கொஞ்சம் தின்னும், அதற்கு விட்டுக்கொடுத்து அளக்க வேண்டும் என்று கல்லூரியில் சூத்திரம் சொல்லித் தருகிறார்கள். பீரோக்காரத் தெருவில் அதற்கு ஒரு மடிப்புக்கு ஒரு நகம் என்று கணக்கு. கட்டைவிரல் நகத்தை அளவுகோலின் ஓரத்தில் வைத்துக் கீறிவிட்டுப் போவார்கள். சூத்திரமும் நகமும் ஒரே விடையைத்தான் தரும். செண்பகவல்லி இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அப்படிச் செய்த கேபினெட் அது. சின்ன பீரோ மாதிரியே கைப்பிடி வைத்த கதவு, கதவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி, உள்ளே மதர்போர்டு நிற்க ஒரு தட்டு, ஒயர்கள் வெளியே தெரியாமல் ஓட ஒரு ரகசிய அறை, முன்னால் குளிர்காற்றை இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் சூட்டைத் தள்ள ஒன்று, மேலே புள்ளி புள்ளியாக மினுங்கும் பச்சை ஹேமர்டோன் பெயிண்ட். நியாயம் பேசினால் முழுதாகப் பேச வேண்டும்: கம்ப்யூட்டர் சாமான்களைக் கடையில் வாங்கி வந்து மாட்டியது அந்த நான்கு பையன்கள்தான், ஃபேன்களுக்குள் கலர் லைட் போட்டதும் அவர்கள்தான். ஒற்றைப் பெண்ணாகப் போட்டியில் பதிய முடியாது, குழுவாகத்தான் பதிய வேண்டும் என்று கோமதிநாயகம் சேர்த்துவிட்ட குழு அது.

போட்டி நாளில் நடுவர் ஒருவர் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, விரலால் மடிப்பைத் தடவி, "யாருப்பா மடிச்சது" என்று கேட்டார். செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் கோமதிநாயகம் அகிலேஷின் தோளில் கைவைத்தார். அகிலேஷ் அந்த நால்வரில் உயரமானவன். அவன் சிரித்தான்.

திங்கட்கிழமை அவள் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள்.

"சார், நான் செஞ்சதுக்கு அவங்க பேர் எப்படி?"

"டீம்னா டீம்மா. கம்ப்யூட்டர் ஓடுதுல்ல, அது நீயா செஞ்ச?"

"அது கடையில வாங்குனது சார். போட்டி கம்ப்யூட்டருக்கு இல்ல, பெட்டிக்கு."

"பொம்பளப் பிள்ளை வெல்டிங் வச்சதுன்னு சொன்னா ஜட்ஜ் நம்புவாரா? சந்தேகப்பட்டுப் பரிசே குடுக்காமப் போயிருந்தா? உன் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

"நம்பலைன்னா அங்கயே வச்சுக் காட்டியிருப்பேனே சார். பிளக் பாயின்ட் இருந்துச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப எதிர்த்துப் பேசாதம்மா. இந்தப் பேச்சுப் பேசுனா நாளைக்குப் போற இடத்துல கஷ்டம்" என்றார்.

அவள் முதல்வருக்கு மனு எழுதினாள், மாணவியர் நலக் குழுவுக்கு மனு எழுதினாள், தாளாளருக்குப் பதிவுத்தபாலில் எழுதினாள். எல்லாவற்றுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில் வந்தது, ஒரே எழுத்துப்பிழையோடு.

கேபினெட்டைக் கல்லூரியின் முகப்புக் கூடத்தில், கேடயங்கள் வைக்கிற கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். வைத்த மூன்றாம் நாள் அது வளர ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது வாட்ச்மேன் வெள்ளத்துரை. காலையில் அலமாரியைத் துடைக்கிறபோது கேபினெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் போன இடத்தில் இரண்டு விரல்தான் போயிற்று. குளிர்காலம், விரல் வீங்கியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் காலை வணக்கப் பாட்டு முடிகிற நேரத்தில் கண்ணாடி சடசடவென்று உடைந்து விழுந்தது. பையன்கள் கைதட்டினார்கள். அலுவலகத்தில் புதுக் கண்ணாடிக்கு எழுதிப் போட்டார்கள். புதுக் கண்ணாடி வருவதற்குள் கேபினெட் அலமாரியைவிடப் பெரிதாகிவிட்டதால் அலமாரியைத் தூக்கிக் கேபினெட்டுக்கு மேல் வைத்தார்கள்.

செண்பகவல்லி பட்டறையிலிருந்து அளவு நாடா கொண்டுவந்து அளந்தாள். கதவு வளர்ந்த அளவுக்குக் கைப்பிடி வளர்ந்திருந்தது, கைப்பிடி வளர்ந்த அளவுக்குத் திருகாணி வளர்ந்திருந்தது, துளைகளை எண்ணினாள், ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கும் இருந்தன, ஒன்று கூடவில்லை ஒன்று குறையவில்லை, ஒவ்வொன்றும் மிளகளவு போய்ப் பட்டாணி அளவு ஆகியிருந்தது. கோணல் இல்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாள். தொண்ணூறு டிகிரி தொண்ணூறு டிகிரியாகவே நின்றது. என்ன ஆனாலும் வேலை சுத்தம் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

இயற்பியல் துறை கூடி, வெப்பத்தில் உலோகம் விரியும் என்று அறிக்கை கொடுத்தது. ஐஸ் பாளம் இரண்டு வாங்கிச் சுற்றி அடுக்கினார்கள். ஐஸ் உருகியது, கேபினெட் வளர்ந்தது, முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வழுக்கி விழுந்தார். கட்டடவியல் துறை கூடி, கேபினெட் வளரவில்லை, கட்டடம்தான் இறங்குகிறது என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை முதல்வர் உடனே வாங்கிப் பூட்டிவைத்தார். இருப்புப் பதிவேட்டில் அதன் அளவைப் பேனாவால் எழுதி வாராவாரம் அடிக்க நேர்ந்ததால், இனிமேல் பென்சிலால் எழுதினால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது. அது ஆள் உயரத்தைத் தாண்டி, கதவைத் திறந்தால் உள்ளே பத்துப் பேர் உட்காரலாம் என்றான பிறகு அதற்கு அறை எண் 107-ஏ என்று பெயின்டில் எழுதினார்கள். அந்தப் பருவத்துக் கால அட்டவணையில் செவ்வாய் மூன்றாம் மணிநேரம் மதிப்புக்கல்வி வகுப்பு 107-ஏயில் போடப்பட்டது. மாணவர்கள் மதர்போர்டு தட்டில் சாய்ந்துகொண்டு நேர்மையைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள்.

பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும் என்பதுதான் இந்தக் கதையில் அதிசயமில்லாத பகுதி. முன்னால் இருந்த இரண்டு ஃபேன்களும் மாட்டுவண்டிச் சக்கரமளவு ஆகி, பங்குனி வெயிலில் கூடம் முழுக்க அருவிக்கரை மாதிரி காற்று வந்ததால், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அங்கேயே பாய் விரித்தார்கள். பின்பக்கத்துச் சூட்டுக்காற்றில் கேன்டீன் மாரிக்கனி வடகம் காயவைத்தாள். மூன்று நாள் வெயிலில் காய்வது அங்கே முக்கால் மணிநேரத்தில் காய்ந்தது. கதவுக் கண்ணாடியில் மினிபஸ் கண்டக்டர்கள் வந்து தலைசீவிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து ஜனம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, ஆண்டுக்கணக்காகத் தகையாத கல்யாணம் தகைய வேண்டுமென்று கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டிற்று. எத்தனை பீரோவுக்கு இந்த ஒரு பீரோ சமம் என்று கணக்குப் போட்ட ஒரு கிழவர், இது மணமகளுக்குச் சீரா, மாவட்டத்துக்குச் சீரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேபினெட் பெரிதாகப் பெரிதாகக் கல்லூரி ஃபிளெக்ஸையும் பெரிதாக மாற்றிக் கட்டியது. எட்டடி பத்தடி ஆயிற்று, பத்தடி இருபதடி ஆயிற்று. நான்கு பையன்களின் முகமும் பானையளவு, அண்டாவளவு என்று போய், அகிலேஷின் ஒரு பல் மட்டும் செண்பகவல்லியின் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அடியில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் எழுத்தளவு மாறாமல் அப்படியே இருந்தது. மூன்றாவது ஃபிளெக்ஸில் அதைப் படிக்க அவள் குத்தவைத்து உட்கார வேண்டியிருந்தது.

கேபினெட் எப்போது வளர்கிறது என்பதைக் கண்டுபிடித்தது எந்தத் துறையுமில்லை, மாரிக்கனிதான். வடகத் துணியை அடிக்கடி நகர்த்த வேண்டியவள் அவள்.

"இந்தா செம்பா, இங்க வா" என்று அவள் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். "உன் பொட்டி சும்மா வளரல. வெளியூரு ஆளுக வந்து, இத யாரு தம்பி செஞ்சதுன்னு கேக்காகள்ல, அந்த நெட்டப் பய, நாந்தான்னு சொல்லுதாம்லா. அப்பத்தான் நறுக்குன்னு ஒரு சத்தம் வருது. துணி நகருது."

"எவ்வளவு நகருதுக்கா?"

மாரிக்கனி தன் கட்டைவிரலைக் காட்டினாள். "இந்த நகத்தளவு. நேத்து ஒரு பஸ்ஸு நிறைய ஸ்கூல் பிள்ளைக வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் சொன்னான் பாவிப்பய. என் வடகம் செவுத்துக்கே போயிட்டு."

செண்பகவல்லி அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எண்ணினாள். கேள்வி, பதில், நறுக். கேள்வி, பதில், நறுக். ஒரு பொய்க்கு ஒரு நகம். கணக்குப் பிசகவேயில்லை.

அகிலேஷிடம் நேரே போய்ச் சொன்னாள். அவன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வாதாடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் என்ன பண்ணட்டும் செம்பா? சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. இப்ப மாத்திச் சொன்னா அன்னைக்கு ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க."

"சரி. ஒரு மடிப்புக்கு எவ்வளவு விட்டு அளக்கணும்? அதையாவது சொல்லு."

அவன் யோசித்தான். "ஒரு இஞ்ச்?"

எங்கேயோ நறுக்கென்றது.

முகப்புக் கூடத்துக்கு நேர் மேலேதான் முதல்வரின் அறை. சித்திரை மாதம் கேபினெட்டின் மேல்தகடு கூரையை மெதுவாக, ஒரு காரை உதிராமல், ஊடுருவிக்கொண்டு போய் முதல்வரின் மேசையையும் நாற்காலியையும் தாங்கி எழும்பியது. நிர்வாகத்தில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் அவர். ஒவ்வொரு நாளும் இத்தனை நகம் என்று உயர்ந்துகொண்டே, அதே கோப்புகளில் அதே இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதலில் பியூன் நுனிக்காலில் நின்று கோப்பைக் கொடுத்தார், பிறகு ஸ்டூல் போட்டுக்கொண்டார், பிறகு அலுமினிய ஏணி வாங்கப்பட்டது. தலைக்கு மேல் மின்விசிறி நெருங்கியபோது முதல்வர் விசிறியைக் கழற்றச் சொன்னார். கீழேயிருந்தே நல்ல காற்று வருகிறது என்றார்.

அவரையும் அசைத்தது ஒரு கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வருகிறது என்று அதில் இருந்தது. கட்டட வரைபடத்தில் இல்லாத அறை ஒன்று இரண்டு மாடிக்கு நிற்பதைக் குழுவுக்கு என்னவென்று சொல்வது? புதன்கிழமை செண்பகவல்லியைப் பெற்றோரோடு வரச் சொன்னார்கள்.

சங்கரபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு வந்து, முதல்வரைக் கும்பிட அண்ணாந்தார். பேச்சியம்மாள் மேசையைத் தாங்கியிருந்த தகட்டின் விளிம்பைத்தான் பார்த்தாள். கையை வைத்துத் தடவினாள்.

"பட்டி நல்லாப் பாத்திருக்க" என்றாள் மகளிடம், மெல்ல.

"உங்க பொண்ணு செஞ்ச..." என்று ஆரம்பித்த முதல்வர் இருமினார். "உங்க பொண்ணு உதவி செஞ்ச பெட்டி இப்படி வளருதே. உங்க தொழில்ல இந்த மாதிரி நடக்கிறது உண்டா?"

"உண்டுங்கய்யா" என்றாள் பேச்சியம்மாள், மழை பெய்வது உண்டா என்று கேட்டால் சொல்வது போல. "சொல்லாம அனுப்பிச்சா வளரும். நாங்க எந்த பீரோவையும் சொல்லாம அனுப்புறதில்ல."

"என்ன சொல்லணும்?"

பீரோக்காரத் தெருவில் ஒரு வழக்கம். வண்டியில் ஏற்றுவதற்கு முன், மடித்த கை எதுவோ அந்தக் கை பீரோவின் பக்கத்தகட்டில் மூன்று தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும்: நான் செஞ்சது நீ, போற வீட்டுல அடங்கி இரு. சீர் எடுக்க வந்த பெண்வீட்டார் சிரிப்பார்கள். கல்யாணப் பெண் பக்கத்தில் நின்றால் அவளுக்கும் அதுவே சொல்லப்பட்டதாகிவிடும். ரெண்டுக்கும் ஒரே புத்தி போதும் என்று யாராவது ஒரு பெரியப்பா சொல்வார், கூட்டம் இன்னொரு தடவை சிரிக்கும். பேச்சியம்மாள் இருபத்திரண்டு வருஷமாக, போர்டில் தன் பேரில்லாத பட்டறையில், தகட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இதைச் சொல்லி வந்திருக்கிறாள்.

"இவ மறந்திருப்பா" என்றாள். "பொட்டி சிறுசுதானன்னு விட்டிருப்பா."

செண்பகவல்லி மறக்கவில்லை. கேபினெட்டை எடுக்க லோடு ஆட்டோவில் நான்கு பையன்களும் கோமதிநாயகமும் வந்த அன்று அவள் தகட்டில் கையை வைத்தாள், மூன்று தட்டும் தட்டினாள். நான் செஞ்சது நீ என்று சொல்ல வந்தபோது ஐந்து பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகிலேஷ், "என்ன, பெட்டிக்கு பை சொல்றியா" என்றான். அவள் கையை எடுத்துவிட்டாள். தன் வேலையைத் தன் வேலை என்று சொல்ல அன்றைக்கு ஒரு கணம் வெட்கப்பட்டாள் என்பதுதான் உண்மை. பிறத்தியார் மேல் இருந்த கோபத்தைவிட அந்த ஒரு கணத்தின் மேல் அவளுக்கு இருந்த கோபம் பெரிது. இதை அவள் எந்த மனுவிலும் எழுதவில்லை.

"அவ்வளவுதானா" என்று சுவரோரம் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் எழுந்தேவிட்டார். "ஒரு வார்த்தை. இப்பவே சொல்லிரலாமே."

"நான் சொல்றேன் சார்" என்றாள் செண்பகவல்லி. "அதுக்கு முன்னாடி யார் செஞ்சதுன்னு நீங்க சொல்லணும். மைக்ல."

"குழு வந்து போகட்டும்மா" என்றார் முதல்வர் மேலேயிருந்து. "அடுத்த ஃபிளெக்ஸ்ல உதவின்னு போடாம, உறுப்பினர்னு போடச் சொல்றேன். உன் போட்டோவும் வரும். சின்னதா."

"எத்தனாவது ஆளா சார்?"

"அஞ்சாவதா."

"அந்த நாலு பேரும் எதைச் செஞ்சாங்க சார்?"

முதல்வர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்த உயரத்திலிருந்து வேப்பமரத்தின் உச்சி தெரியும்.

"ஏ புள்ள, விடு" என்றார் சங்கரபாண்டி. "இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. ஒரு வார்த்தைதான. சொல்லிட்டு வா, போவோம். உங்கம்மா சொல்லாததா?"

பேச்சியம்மாள் அப்போதும் தகட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "மூவாயிரம் பீரோவுக்குச் சொல்லியிருக்கேன்" என்றாள். கணவரிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தகட்டிடம் சொன்ன மாதிரியும் இருந்தது. "மூவாயிரமும் ஏதோ ஒரு வீட்டு மூலையில அடங்கித்தான் நிக்குது. யாரு செஞ்சதுன்னு ஒண்ணாவது வாயத் திறந்துச்சா?"

"நீயுமா" என்றார் சங்கரபாண்டி.

"நான் ஒண்ணும் சொல்லலையே. அவ கை மடிச்சது. அவ வாய்தான் சொல்லணும்."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு முகப்புக் கூடத்தில் மைக் கட்டினார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், மஞ்சள் கயிறு கட்ட வந்த மூன்று குடும்பம், வேலை மெனக்கெட்டு வந்த பீரோக்காரத் தெரு, எல்லோரும் நின்றார்கள். மாரிக்கனி வடகத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். முதல்வர் ஏணி வழியாக இறங்கி வந்து, பல நாள் கழித்துத் தரையில் நின்றதில் கொஞ்சம் தள்ளாடினார். கோமதிநாயகம் மைக்கைப் பிடித்து, கல்லூரியின் பெருமைக்குரிய படைப்பு, நம் மாணவர்கள் நால்வரின் அயராத உழைப்பு என்று ஆரம்பித்தார். நறுக் நறுக்கென்று நான்கு சத்தம் வரிசையாக வந்து, மேலே முதல்வரின் அறையில் ஏதோ உருண்டு விழுந்தது. அவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு மைக்கைச் செண்பகவல்லியிடம் நீட்டினார்.

அதுவரை ஐந்து மாதத்தில் அந்தக் கல்லூரியில் அவள் கைக்கு மைக் வந்ததில்லை. கேட்டிருக்கிறாள். கொடுத்ததில்லை. இப்போது அவர்களே கொடுத்தார்கள், ஒரே ஒரு வாக்கியத்துக்காக.

அவள் தகட்டின் பக்கமாகப் போனாள். அது அவளுக்கு மேலே மதில் மாதிரி பச்சையாக நின்றது, ஒவ்வொரு துளையும் ஒரு கை நுழைகிற அளவுக்கு இருந்தது. உள்ளே ஃபேன்களின் காற்று ஒரே சீராக இரைந்தது. உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. மூன்று தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் கோயில் நகரா முரசு மாதிரி கூடத்தில் சுற்றி, மாடிப்படிகளில் ஏறி, வெளியே ஃபிளெக்ஸ் கட்டிய கம்பத்தில் போய் முட்டியது.

"நான் செஞ்சது நீ" என்றாள் மைக்கில். "முப்பத்தெட்டு நாள். இந்தக் கதவை மூணு தடவை வெட்டினேன், ரெண்டு தடவை தப்பா மடிச்சேன், மூணாவதுல சரியா வந்துச்சு. இடது பக்கம் கீழே இருந்து ஆறாவது வரிசையில ஒரு துளை அரை நூல் தள்ளி இருக்கும், அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். உள்ளே ரகசிய அறைக்குப் பின்னால ஒரு வெல்டிங் விட்டுப்போய் மறுபடி வச்சேன், அது கொஞ்சம் தடிப்பா இருக்கும், யார் வேணும்னாலும் போய்த் தடவிப் பாக்கலாம். நான் செஞ்சது நீ. வேற யாரும் செய்யல."

நறுக்கென்ற சத்தம் வரவில்லை. எல்லோரும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஃபேன் காற்றில் வடகத் துணியின் ஓரம் படபடத்தது. பையன்களில் ஒருவன் தடுமாறிக் கதவைத் திறந்து உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "தடிப்பாத்தான்டா இருக்கு" என்றான். அகிலேஷ் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பீரோக்காரத் தெருவின் பெண்கள் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்; பேச்சியம்மாள் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முதல்வர்தான் முதலில் சுதாரித்தவர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு, மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சரிம்மா. சொல்ல வேண்டியதச் சொல்லிட்ட, எல்லாரும் கேட்டுட்டோம். இப்ப மீதியையும் சொல்லு. அடங்கி இருன்னு சொல்லு. உங்கம்மா காலங்காலமா சொல்றதுதானே."

செண்பகவல்லி மைக்கை வாயருகே கொண்டு வந்தாள்.

"அந்த மீதிய இன்னையோட எங்க பட்டறையில நிறுத்தியாச்சு சார். எவ்வளவு வளரணும்னு அது பாத்துக்கும், கூரையப் பிரிக்க நீங்க ஆள் சொல்லுங்க."